ஏற்காட்டில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு ஆள் வைப்பது எப்படி?

அப்பா ஓய்வு பெற்ற பணத்தில் நாகலூர் போகும் வழியில் கட்டிய வீடு அது. இரண்டு படுக்கையறை, முன்னால் நீளமான திண்ணை, பின்னால் வரிசையாகச் சில்வர் ஓக் மரங்கள். அவர் இருந்தவரை மாதம் இரண்டு முறை சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, கதவு ஜன்னலைத் திறந்து வைத்து, சாயங்காலம் இறங்கிவிடுவார். அவருக்குப் பிறகு நான் சென்னையில், தம்பி துபாயில். வீடு பூட்டியே கிடந்தது. விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம், அதற்கு முன் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் போடலாம் என்று இறங்கினேன். அதில் செய்யக்கூடிய தப்பையெல்லாம் செய்து முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வைத்த ஆள் தினமும் காலையில் "அக்கா, வீடு நல்லா இருக்குதுங்க" என்று வாட்ஸப்பில் அனுப்புவார். எனக்கும் நிம்மதி. நான்கு மாதம் கழித்து ஈபி பில் வந்தது. வீட்டு இணைப்புக்கு அப்போது இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஃப்ரிட்ஜைக்கூட அணைத்து வைத்த வீட்டுக்குப் பில் பூஜ்யமாகத்தான் வரவேண்டும். வந்திருந்தது 380 யூனிட்டுக்கு. காலி வீட்டில் கீசர் போட்டுக் குளித்தது யார் என்று கேட்டதற்கு, மீட்டர் கோளாறாக இருக்கும் என்று பதில் வந்தது. நேரில் போய்ப் பார்த்தால், சமையலறையில் நான் வாங்காத பிரியாணி அண்டா ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சனி ஞாயிறில் வீடு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல்.

அவர் மீது கோபம் இருந்தாலும், யோசித்துப் பார்த்தால் ஏற்பாடு அப்படி. "ஆள் வந்தால் கமிஷன் தருகிறேன், மற்றபடி சும்மா அப்பப்போ எட்டிப் பாருங்கள்" என்று சொல்லியிருந்தேன். காலி நாளுக்குக் காசு இல்லை என்றால் காலி நாளை யார் பார்ப்பார்கள்? விருந்தினர் வரும் நாளில் வீட்டைக் கவனிக்க ஊரே வரும். யாரும் வராத ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமையில் கதவைத் திறந்து பார்க்கிறவருக்குத்தான் நீங்கள் சம்பளம் கொடுக்கிறீர்கள். இதைப் பிடித்துக்கொண்டால் கீழே சொல்வதெல்லாம் தானாகப் புரியும்.

1. ஆளைத் தேடும் முன் காகிதத்தைச் சரி செய்யுங்கள்

வீட்டுக்கே கோளாறு இருந்தால் ஆள் வந்து ஒன்றும் செய்ய முடியாது. அதைவிட, உங்கள் கோளாறு தெரிந்த ஆளிடம் நீங்கள் வாயைத் திறக்க முடியாது.

ஏற்காடு வட்டத்துக் கிராமங்கள் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும எல்லைக்குள் வருகின்றன. ஊரில் 'ஹாக்கா' என்பார்கள். வீட்டு வரைபட அனுமதி, பிறகு கூட்டிக் கட்டிய அறை, ஷெட் எல்லாம் அனுமதியோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். குடியிருப்பு என்று வாங்கிய அனுமதியில் தங்கும் விடுதி நடத்துவது வேறு விஷயம். 'ஹோம்ஸ்டே' என்று பலகை மாட்டிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறை வரை விடலாம், ஆனால் உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஏற்காட்டு வீட்டை விடுகிறவருக்கு அந்தச் சட்டை பொருந்தாது. உங்கள் வீடு எந்தப் பதிவுக்குள் வரும் என்று மாவட்டச் சுற்றுலா அலுவலகத்திலும், உங்கள் ஊராட்சியிலும் நேரில் கேட்டு, சொன்னதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

ஈபி இணைப்பையும் மாற்ற வேண்டும். வாடகைக்கு விட ஆரம்பித்த பிறகு வீட்டுக் கட்டணத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தால், ஆய்வுக்கு வருகிறவர்கள் வணிகக் கட்டணம் போட்டு பழைய பாக்கியும் கேட்பார்கள். மாற்றும்போதே இன்னொன்றையும் செய்யுங்கள்: பில் குறுஞ்செய்தி உங்கள் செல்போனுக்கு வருகிற மாதிரி எண்ணைப் பதியுங்கள். நீங்கள் வைக்கும் ஆள், அதாவது மேனேஜர், அவர் எண்ணுக்குப் போகவே கூடாது. அந்த அண்டா விஷயத்தில் என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு குறுஞ்செய்திதான்.

மரம் பற்றி ஒரு வார்த்தை. கூரை மேல் சாய்ந்திருக்கிறதே என்று சில்வர் ஓக்கை உங்கள் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது; மலைப்பகுதி மரங்களுக்கென்று 1955லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. வனத்துறையிடம் அனுமதி வாங்கித்தான் கை வைக்க வேண்டும். புதிதாக வரும் ஆள் "நானே வெட்டிடறனுங்க, யாருக்கும் தெரியாது" என்று சொன்னால், அந்த இடத்திலேயே அவரைப் பற்றி உங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டது.

பட்டா, வில்லங்கச் சான்று இரண்டையும் இணையத்திலேயே எடுத்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வில்லங்கம் போட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஆளில்லாத சொத்துக்கு இது பல் துலக்குகிற மாதிரி.

2. எந்த மாதிரி ஆள் வேண்டும்?

ஏற்காட்டில் பெரும்பாலும் மூன்று வகை கிடைக்கும்.

அவுட்ஹவுஸில் குடியிருக்கும் கணவன் மனைவி. கணவர் தோட்டமும் காவலும், மனைவி சுத்தமும் சமையலும். வீட்டில் எப்போதும் விளக்கு எரியும், காட்டு மாடு தோட்டத்துக்குள் நுழைந்தால் உடனே தெரியும். ஆனால் அவுட்ஹவுஸ் இருக்க வேண்டும், மாதச் சம்பளம் முழுதாகக் கொடுக்க வேண்டும். சட்டச் சிக்கலும் கொஞ்சம் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாவது, உள்ளூர்க்காரர் ஒருவர் ஐந்தாறு வீட்டுச் சாவியை வைத்துக்கொண்டு சுற்றி வருவது. பெரும்பாலும் முன்பு ஏதாவது எஸ்டேட்டில் ரைட்டராகவோ (கணக்குப்பிள்ளை) மேஸ்திரியாகவோ இருந்திருப்பார். பிளம்பர், எலக்ட்ரீஷியன், தண்ணி லாரி எல்லார் எண்ணும் அவர் கையில் இருக்கும். சின்ன வீட்டுக்கு இதுதான் சரி என்பது என் கட்சி. ஆனால் எத்தனை சாவி என்று கேளுங்கள். பத்துக்கு மேல் என்றால், புயல் அடித்த மறுநாள் உங்கள் வீட்டுக்கு அவர் வந்து சேர மூன்று நாளாகும்.

மூன்றாவது, வருமானத்தில் பங்கு கேட்கும் நிறுவனங்கள். புகைப்படம் எடுப்பார்கள், புக்கிங் தளங்களில் ஏற்றுவார்கள், விலையை வாரத்துக்கு வாரம் மாற்றுவார்கள். அதில் கெட்டிக்காரர்கள். ஆனால் அவர்களுடைய அலுவலகம் சேலத்திலோ பெங்களூரிலோ இருக்கும்; மேலே ஓடு நழுவினால் அவர்களும் இரண்டாவது வகை ஆளுக்குத்தான் போன் போடுவார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுபோனபோது, கீழே இருக்கும் எந்த மேனேஜராலும் மேலே ஏற முடியவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரக்கூடிய தூரத்தில் யார் இருந்தாரோ அவர்தான் மேனேஜர்.

ஆகவே புக்கிங்கை நிறுவனத்திடம் கொடுத்தாலும், நடை தூரத்தில் ஒரு உள்ளூர் ஆளை உங்கள் சம்பளத்தில், உங்களுக்கு மட்டும் பதில் சொல்கிறவராக வையுங்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கவனித்துக்கொள்வார்கள். அது உங்களுக்கு நல்லது.

3. எங்கே தேடுவது, என்ன கேட்பது

இணையத்தில் தேடினால் நிறுவனம்தான் வரும். ஆள் வேண்டுமென்றால் மேலே போய் இரண்டு நாள் தங்குங்கள். ஒண்டிக்கடை பக்கம் டீ குடித்துக்கொண்டே விசாரியுங்கள். ஹார்டுவேர் கடைக்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், பக்கத்து எஸ்டேட் ரைட்டர், இந்த மூன்று பேருக்கும் யார் கடன் சொல்லி ஓடுகிறார், யார் நேரத்துக்குக் காசு தருகிறார் என்பது தெரியும். மூவரில் இரண்டு பேர் ஒரே பெயரைச் சொன்னால் அந்த ஆளைப் போய்ப் பாருங்கள். மலையிலேயே பிறந்து வளர்ந்த மலையாளி பழங்குடிக் குடும்பங்களிலிருந்து வருகிறவர்களுக்கு மழை, மண், மாடு மூன்றும் அத்துப்படி. நகரத்திலிருந்து போகும் நாம் அதற்கு மரியாதை கொடுத்துப் பேச வேண்டும்.

நேரில் பேசும்போது நான் கேட்கும் கேள்விகள் இவை.

"போன மழைக்கு நீங்க பாக்குற வீட்டுல என்னண்ணே உடைஞ்சது?" ஒன்றுமே உடையவில்லை என்று சொல்கிறவர் பார்க்கவில்லை என்று அர்த்தம். மலையில் ஒரு மழைக்காலத்தில் ஏதாவது ஒன்று போகாமல் இருக்காது. நான் இப்போது வைத்திருப்பவர் இந்தக் கேள்விக்கு, "ஒரு வீட்டுல டேங்க் மூடியக் குரங்கு எடுத்துட்டுப் போயிருச்சுங்க, உள்ள ஒரு அணில் செத்துக் கெடந்துது. டேங்கக் கழுவி, மூடிக்குக் கம்பி கட்டிட்டனுங்க" என்றார். அங்கேயே மனசு முடிவாகிவிட்டது.

"உங்க போன்ல அந்த வீட்டுப் படம் இருந்தாக் காட்டுங்களேன்." வேலை செய்கிறவர் போனில் கசிந்த சுவரும், மீட்டரும், கரையான் புற்றும் நிறைந்திருக்கும். மற்றவர் போனில் லேடீஸ் சீட் காட்சிமுனையின் சூரிய அஸ்தமனம் இருக்கும்.

"எங்க வீட்டுக்கிட்ட உங்க போனுக்கு சிக்னல் கெடைக்குதா?" சிரிக்காதீர்கள். மலையில் ஒரு வளைவுக்கு இந்தப் பக்கம் ஒரு நெட்வொர்க், அந்தப் பக்கம் வேறொன்று. உங்கள் வீட்டு வாசலில் நின்று அவர் எண்ணிலிருந்து உங்களுக்கு வீடியோ கால் போட்டுப் பாருங்கள்.

பிறகு அவர் பார்க்கும் இரண்டு வீட்டு உரிமையாளர்களிடம் பேசுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் பணியாளர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். அதை அவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள், ஒளித்துச் செய்தால் அவமானமாக எடுத்துக்கொள்வார்.

எப்போது ஆள் எடுப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. எல்லாரும் மார்ச்சில் தேடுவார்கள், கோடை விழாவுக்கும் மலர்க் கண்காட்சிக்கும் முன்னால். அப்போது எல்லாருமே சுறுசுறுப்பாகத்தான் இருப்பார்கள், காசு புரளும் காலம். நீங்கள் ஜூன் ஜூலையில் எடுங்கள். கூட்டம் இறங்கிய பிறகு, மழை தொடங்கும்போது, சம்பளத்தைத் தவிர வேறு எந்த வரும்படியும் இல்லாத மூன்று மாதத்தில் ஒருவர் எப்படி வேலை செய்கிறார் என்று பார்த்துவிட்டால் பிறகு மே மாதத்துக்குக் கவலையில்லை.

4. காலி நாள் வேலையை எழுதிக் கொடுங்கள்

இதுதான் மொத்த விஷயத்தின் உயிர்நாடி, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன். "வீட்டப் பாத்துக்கங்க" என்பது வேலை இல்லை. என்ன பார்க்க வேண்டும் என்று ஒரு தாளில் தமிழில் எழுதி, சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்.

ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூடுபனி ஜன்னல் இடுக்கு வழியாக வீட்டுக்குள் வந்து உட்காரும். பூட்டிய வீட்டில் மூன்று வாரம் காற்றோட்டம் இல்லையென்றால் மெத்தையில் பூஞ்சை, அலமாரியில் பூஞ்சை, அப்பாவின் தோல் செருப்பில் பச்சையாக முடி முளைத்த மாதிரி பூஞ்சை. எனவே வாரத்துக்கு இரண்டு நாள், வெயில் வந்த பிறகு பதினோரு மணிக்குத் திறந்து மூன்று மணிக்குள் அடைத்துவிட வேண்டும். காலையில் திறக்கக் கூடாது, பனிதான் உள்ளே வரும். மெத்தைகளைச் சுவரில் சாய்த்து நிமிர்த்தி வைக்க வேண்டும். ஃப்ரிட்ஜைக் காலி செய்து அணைத்து, கதவு இடுக்கில் ஒரு துண்டு வைத்துத் திறந்தே விட வேண்டும்.

எல்லாக் குழாயையும் ஒரு நிமிடம் திறந்து விடச் சொல்லுங்கள், எல்லா டாய்லெட்டிலும் ஃப்ளஷ் அடிக்கச் சொல்லுங்கள். பாத்ரூம் தரையிலுள்ள சல்லடைக்குக் கீழே வளைந்த குழாயில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும். அதுதான் சாக்கடை வாடையையும் கரப்பானையும் தடுக்கிறது. காலி வீட்டில் அது வற்றிவிடும். ஒரு குவளை ஊற்றினால் போதும். விருந்தினர் உள்ளே வந்ததும் "என்னங்க வாடை" என்று கேட்பது பாதி நேரம் இதனால்தான்.

சில்வர் ஓக் இலை கூரைத் தகரக் கால்வாயை அடைக்கும். ஐப்பசி பிறப்பதற்குள் ஒருமுறையும், மழைக்கு நடுவில் ஒருமுறையும் ஏறி அள்ள வேண்டும். தனியாக ஏறக் கூடாது, கீழே ஒருவர் ஏணி பிடிக்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். மங்களூர் ஓடாக இருந்தால் குரங்கு நகர்த்திய ஓட்டை அன்றைக்கே சரி செய்ய வேண்டும். ஒரு ஓடு நழுவினால் ஒரு ராத்திரி மழைக்கு மரச்சட்டம் ஊறிவிடும்.

இடி மின்னல் காலத்தில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போக வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர், எலி கடித்த ஒயர், வாசற்படியில் கரையான் மண் கோடு, இவை மாதம் ஒருமுறை. கோடையில் போர் தண்ணீர் எந்த அளவுக்கு இறங்கியிருக்கிறது, மோட்டார் எத்தனை நிமிடத்தில் டேங்கை நிரப்புகிறது என்று குறித்து வைத்தால், லாரித் தண்ணி எப்போது சொல்ல வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும்.

ஒவ்வொரு முறையும் ஐந்து படம்: ஈபி மீட்டர் எண் தெரிகிற மாதிரி ஒன்று, டேங்க் மூடி, கூரையின் உள்பக்கம், பின்கதவுப் பூட்டு, ஐந்தாவதாக அவருக்கு எது சந்தேகமாகப் படுகிறதோ அது. "நல்லா இருக்குதுங்க" என்ற செய்தி வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அந்த ஐந்தாவது படம்தான் விலை மதிப்புள்ளது. போன வருடம் வெறும் சுவரைப் படமெடுத்து, "அக்கா, இந்த எடத்துல தட்டுனா சத்தம் வேற மாதிரி வருதுங்க" என்று அனுப்பினார். உடைத்துப் பார்த்தால் உள்ளே குழாய் கசிந்து செங்கல் ஊறிக்கொண்டிருந்தது. இரண்டு மாதம் விட்டிருந்தால் சுவரே வந்திருக்கும்.

கெட்ட செய்தி சொன்னால் திட்டாதீர்கள். ஒருமுறை திட்டினால் அடுத்த செய்தி வராது.

5. சம்பளத்தை எப்படிப் பிரிப்பது

காலி நாளுக்கு நிலையான மாதத் தொகை, வருகை நாளுக்குத் தனித் தொகை. இரண்டையும் கலக்காதீர்கள்.

நிலையான தொகையை முடிவு செய்ய ஒரு எளிய வழி: அந்தப் பகுதியில் ஒரு நாள் தோட்டக் கூலி எவ்வளவு என்று விசாரியுங்கள். உங்கள் தாளில் உள்ள வேலைக்கு மாதம் எத்தனை அரை நாள் ஆகும் என்று கணக்குப் போடுங்கள். வாரம் இரண்டு அரை நாள் என்றால் மாதம் எட்டு, அதாவது நான்கு முழு நாள் கூலி. அதன் மேல் சாவிப் பொறுப்புக்கும், ராத்திரி கூப்பிட்டால் வருவதற்கும் சேர்த்து ஒரு மடங்கு. இதற்குக் கீழே பேரம் பேசி ஜெயித்தால், ஜெயித்தது நீங்கள் இல்லை.

வருகை நாளுக்குச் சதவீதத்தைவிட ஒரு வருகைக்கு இவ்வளவு என்பதுதான் எனக்குப் பிடித்தது. சதவீதம் என்றால் ஒவ்வொரு முறையும் உங்கள் வருமானம் அவருக்குத் தெரிய வேண்டும், அவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இரண்டு பேருக்கும் சங்கடம். சுத்தம் செய்கிறவருக்கான கூலி தனி. அதை நேரடியாக அந்த அம்மாவின் கணக்குக்கே போடுங்கள். காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில், நவம்பரிலிருந்து ஜனவரி வரை, மலையில் வேலைக்கு ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் கூட்டம் வருவதும் அதே நேரத்தில்தான். அப்போது கூலியைக் கூட்டிக் கொடுக்கத் தயாராக இருங்கள், இல்லையென்றால் பெட்ஷீட்டை நீங்களே துவைக்க நேரும்.

சில்லறைச் செலவுக்கு ஒரு சின்னத் தொகையை முன்பணமாகக் கொடுத்து, அதற்குமேல் போனால் கேட்டுவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். ஆனால் தண்ணீர் கசிவு, மின் கோளாறு, உடைந்த பூட்டு மூன்றுக்கும் கேட்கத் தேவையில்லை, செய்துவிட்டுச் சொன்னால் போதும் என்று விதிவிலக்கு வையுங்கள்.

பிரதம மந்திரி சுரக்ஷா பீமா என்ற விபத்துக் காப்பீடு வருடம் 20 ரூபாய்தான், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். 18 முதல் 70 வயது வரை யாரும் வங்கிக் கணக்கு மூலமாகச் சேரலாம். ஏணி ஏறி ஓடு மாற்றுகிறவருக்கு அதையாவது நீங்கள் கட்டுங்கள்.

6. எழுதி வாங்குவதும் எழுதிக் கொடுக்கக் கூடாததும்

ஒப்பந்தம் இரண்டு பக்கம் போதும், முத்திரைத்தாளில், தமிழில், இரண்டு சாட்சியோடு. அவர் பணியாளர் அல்லது சேவை செய்பவர், வாடகைதாரர் அல்ல, சம்பளம் இவ்வளவு, வேலை இது, சாவி எத்தனை செட், ஒரு மாத முன்னறிவிப்பில் இரு தரப்பும் விலகலாம், உரிமையாளர் எழுத்தில் சொல்லாத யாரையும் தங்க வைக்கக் கூடாது. கடைசி வரியை நான் இப்போது தடித்த எழுத்தில் போடுகிறேன், காரணம் உங்களுக்குத் தெரியும்.

அவுட்ஹவுஸில் குடும்பம் தங்கினால், அது வேலையோடு சேர்ந்த தங்குமிடம் என்று எழுதுங்கள். அவர்களிடமிருந்து நூறு ரூபாய்கூட வாடகை என்று வாங்காதீர்கள். 'சும்மா ஒரு கணக்குக்கு' என்று வாங்கும் அந்த நூறு ரூபாய்தான் பிறகு அவரை வாடகைதாரர் என்று பேச வைக்கும். காவலுக்கோ வேலைக்கோ வைத்த ஆள் எத்தனை வருடம் இருந்தாலும் அந்தச் சொத்தில் உரிமை கோர முடியாது என்று 2012ல் உச்ச நீதிமன்றம் ஒரு கோவா வீட்டு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் அவர் வேலையாள்தான் என்று காட்டச் சம்பளம் போட்ட வங்கிக் கணக்கு விவரம் உங்களிடம் இருக்க வேண்டுமே. ரொக்கமாகக் கொடுத்தால் அது இல்லை. 12 வருடம் எதிரிடையாக அனுபவித்தேன், அதனால் சொத்து எனக்கே என்று யாரும் வந்து நிற்காமல் இருக்க, மாதாமாதம் போகும் அந்தச் சம்பளமே உங்களுக்குச் சாட்சி.

பவர் (உங்கள் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) கேட்டால் மட்டும் நிதானியுங்கள். ஊராட்சியில் வரி கட்ட, ஈபி ஆபீசில் கையெழுத்துப் போட என்று சொல்லி, "ஒரு பவர் குடுத்துட்டீங்கன்னா அலைச்சல் இல்லீங்க" என்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருக்கலாம். வரியையும் பில்லையும் இன்றைக்கு இணையத்திலேயே கட்டிவிடலாம். உண்மையிலேயே தேவை என்றால் அந்த ஒரு வேலைக்கு மட்டும், காலக்கெடு போட்டு, தனிப் பவர் எழுதுங்கள். பொதுப் பவர் வேண்டவே வேண்டாம். பவர் பத்திரத்தை மட்டும் வைத்து நடக்கும் விற்பனையால் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே சொல்லிவிட்டது. ஆனால் பொதுப் பவர் வைத்திருப்பவர் உங்கள் பெயரில் கிரயமே பதிந்து கொடுக்க முடியும். தீர்ப்பு கையில் இருந்தாலும் கோர்ட்டு வாசலில் நிற்பது நீங்கள்தான்.

7. விருந்தினர் வரும்போது

பணம் உங்கள் கணக்குக்கே வர வேண்டும். கேட்டில் உங்கள் க்யூஆர் அட்டையை ஒட்டிவிடுங்கள். மேனேஜர் ஜிபே எண்ணுக்கு யாரும் அனுப்பத் தேவையில்லை. ஒரு நீளமான நோட்டு வாங்கி, வருகிற எல்லாப் பெரியவர்களின் பெயர், ஊர், வண்டி எண், அடையாள அட்டை விவரம் எழுதச் சொல்லுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரங்களுக்கான படிவத்தை (முன்பு 'சி' படிவம் என்பார்கள்) இணையத்தில் ஏற்ற வேண்டும், அவர் உங்கள் சித்தப்பாவின் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மகனாக இருந்தாலும். இதை மேனேஜர் தலையில் கட்டாதீர்கள், பாஸ்போர்ட் படத்தை மட்டும் அவர் அனுப்பட்டும், ஏற்றுவது நீங்கள். ஜிஎஸ்டி பதிவு வருட வருமானம் 20 லட்சத்தைத் தாண்டினால் வரும். இரண்டு அறை வீட்டுக்கு அந்தப் பயம் வருமானால் வாழ்த்துகள்.

மேனேஜர் விருந்தினரிடம் வாயால் சொல்ல வேண்டியவை மூன்றே. இருட்டிய பிறகு தோட்டத்துப் பக்கம் போகக் கூடாது, காட்டு மாடு வரும், போட்டோ எடுக்கக் கிட்டே போகவே கூடாது. கரி அடுப்பைக் குளிருக்கு என்று அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும். பிளாஸ்டிக் தட்டு, கப் 2019லிருந்து தமிழ்நாட்டில் தடை, அதனால் வீட்டிலுள்ள எவர்சில்வரையே பயன்படுத்துங்கள். மற்றதையெல்லாம் எழுதி ஒட்டிவிடலாம், யாரும் படிக்கப்போவதில்லை.

பெங்களூர்க் கூட்டம் வாரக் கடைசியில் அதிகம். மேனேஜருக்குக் கொஞ்சம் கன்னடம் தெரிந்தால் பாதிச் சண்டை வராது.

8. நீங்களும் போக வேண்டும்

மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது, ஒரு முறை சொல்லிவிட்டும் ஒரு முறை சொல்லாமலும் போங்கள். சொல்லாமல் போகும்போது திருடனைப் பிடிக்க வந்த மாதிரி நடந்துகொள்ளாதீர்கள். சேலத்தில் இறங்கியதும் தட்டுவடை செட் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு போய், அவர் வீட்டில் கொடுத்து, டீ குடித்து, பிறகு இரண்டு பேருமாக வீட்டைச் சுற்றி வாருங்கள். மீட்டர் எண்ணை அவர் அனுப்பிய கடைசிப் படத்தோடு ஒப்பிடுங்கள். கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பாருங்கள், எடை பொய் சொல்லாது. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா சமயத்தில் அவருக்கு லீவு கொடுங்கள். கூட்டம் அதிகமுள்ள நாள்தான், ஆனாலும் கொடுங்கள். அதற்கு மாற்று ஆளை ஏப்ரலிலேயே அவரே சொல்லி வைக்கட்டும்.

9. விலக வேண்டி வந்தால்

சத்தம் போட்டுப் பிரியாதீர்கள். சின்ன ஊர், அடுத்த ஆள் அவருடைய மச்சானாகத்தான் இருப்பார். பாக்கியை வங்கி வழியாக முடித்து, சாவியையும் நோட்டையும் வாங்கிக்கொண்டதாக ஒரு சீட்டில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அன்றைக்கே முன்கதவு, பின்கதவு, கேட் மூன்று பூட்டையும் மாற்றுங்கள். வைஃபை கடவுச்சொல், புக்கிங் தளத்தின் கடவுச்சொல், கேமரா செயலி இவற்றையும் மாற்றுங்கள். கேஸ் ஏஜென்சியிலும் தண்ணி லாரிக்காரரிடமும் இனி யார் சொன்னால் வர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஈபி மீட்டரைப் படமெடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்த அண்டாவை நான் திருப்பிக் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. இப்போது அதில் மழைத் தண்ணி பிடிக்கிறோம்.